பாப்பி மிக்ஸ் விதை பாக்கெட்: விதைக்கு பாஸ் மார்க், பின்னாடி எழுதினவருக்கு முட்டை

ரெண்டு சீசன் இந்த பாக்கெட்டோட மல்லுக்கட்டிட்டு தான் ரிவ்யூ போடறேன், கொஞ்சம் நீளமா தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. ஆன்லைன்ல வாங்கினது, பேரு வேணாம். அட்டைல அடுக்கடுக்கா இதழ் வச்சு பந்து மாதிரி ஒரு பிங்க் பூ படம், கீழ "அலங்கார பாப்பி மிக்ஸ்"னு ஒரே வரி. உள்ள என்னென்ன வகை இருக்குன்னு எங்கயும் இல்ல.

பின்பக்கம் போட்டிருந்த முறை இது தான்: ட்ரேல விதைச்சு அரை இன்ச் மண்ணால மூடணும், நாலு இலை வந்ததும் பிடுங்கி நடணும். நானும் நல்ல பிள்ளையா அப்படியே செஞ்சேன். மூணு வாரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒரு மூலைல மட்டும் ஆறு நாத்து. சரி இதாவது வந்துச்சேன்னு எடுத்து நட்டா ரெண்டே நாள்ல அஞ்சு படுத்துடுச்சு. செத்த விதையை தலைல கட்டிட்டாங்கன்னு ஒரு ஸ்டார் ரிவ்யூ டைப் பண்ணியே வச்சிருந்தேன்.

ஆனா அந்த ஒரு மூலை மட்டும் ஏன்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. அப்புறம் தான் புரிஞ்சுது, தண்ணி ஊத்தறப்ப அங்க மண் அரிச்சு போயி விதை மேல வந்திருக்கு. பாப்பி விதை முளைக்க வெளிச்சம் வேணும்ங்க. கசகசாவும் ஒரு பாப்பி விதை தானே, நாங்க போடற ஷெர்லி பாப்பி (தோட்டத்துல பூவுக்காக வளக்கற ஒரு ரகம்) விதை அதைவிட பொடிசு, பக்கத்துல தும்மினா காணாம போயிடும், அது எங்க அரை இன்ச் மண்ணை முட்டிட்டு மேல வரும். பிடுங்கி நடறதும் தப்பு, ஆணிவேர் செடி, வேர்ல கை வச்சாலே கோவிச்சுக்கும். ஆக பாக்கெட்ல சொன்ன ரெண்டு விஷயம், ரெண்டும் தப்பு.

நல்லவேளை பாதி விதை டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு. குளிர் ஆரம்பிச்சதும் அதை காஞ்ச மணலோட கலந்து (இல்லன்னா ஒரே இடத்துல கொத்தா விழும்) வெயில் நல்லா படற பாத்தில நேரா தூவி, மேல மண் போடாம ஒரு பலகையை வச்சு அமுக்கிட்டு, ஸ்ப்ரேயர்ல மட்டும் தண்ணி. பன்னெண்டாவது நாள் பச்சையா மாவு தூவின மாதிரி முளைச்சு நிக்குது! அப்ப தான் அந்த ஒரு ஸ்டார் ட்ராஃப்டை டெலீட் பண்ணேன். அடுத்தது கலைக்கறது, மனசே வராது, ஆனா செடிக்கு செடி 15-20 செ.மீ. இடம் விடலன்னா எல்லாமே நோஞ்சானா நிக்கும். பிடுங்காதீங்க, கத்தரிக்கோலால அடில வெட்டி விடுங்க, பக்கத்து செடி வேர் அசையாம இருக்கும்.

பூவை குறை சொல்ல மாட்டேன். மொட்டு தலையை தொங்கப் போட்டுட்டு நிக்கும், விரியறதுக்கு முன்னாடி நிமிரும், மேல இருக்கற முடி முளைச்ச ரெண்டு ஓடும் கழண்டு விழுந்து உள்ள இருந்து கசங்கின இதழ் கொஞ்சம் கொஞ்சமா சுருக்கம் எடுத்துட்டு வரும், காலைல காபியோட நின்னு பாக்கணும். ஒரு பூவுக்கு ஆயுசு ரெண்டு நாள் தான், வாடினதை கிள்ளிட்டே இருந்தா புதுசா வந்துட்டே இருக்கும். தேனீ வரும், ஆனா தேனுக்கு இல்ல, பாப்பில தேனே கிடையாது, மகரந்தத்துக்கு தான்.

என் கோவம் எல்லாம் அந்த மிக்ஸ்ங்கற வார்த்தை மேல. என் பாத்தில வந்தது ஷெர்லி, கலிஃபோர்னியா, கூட ஓரியண்டல்னு மூணு வகை பாப்பி. முதல் ரெண்டும் அதே சீசன்ல பூத்து முடிஞ்சுடும். ஓரியண்டல் பல வருஷம் நிக்கற செடி, பெரும்பாலும் முதல் வருஷம் பூக்காது, வெயில் காலத்துல இலை எல்லாம் காஞ்சு மண்ணுக்குள்ள தூங்கும். செத்துடுச்சுன்னு தோண்டி எறிய இருந்தேன். ஷெர்லிலயும் கலப்படம். 1880 வாக்குல இங்கிலாந்துல ஷெர்லிங்கற ஊர்ல வில்லியம் வில்க்ஸ்னு ஒரு பாதிரியார் வயல் பாப்பி நடுவுல வெள்ளை விளிம்போட ஒரே ஒரு பூவை பாத்து, அதோட விதையை வருஷக்கணக்கா பொறுக்கி பொறுக்கி உருவாக்கினது தான் இந்த ரகம், அசல் ஷெர்லி பூவுல கருப்பே இருக்காது. எனக்கு வந்ததுல பாதிக்கு நடுவுல கருப்பு பொட்டு, அதாவது சாதா வயல் பாப்பி. அட்டைல இருந்த பந்து பூவோ அபின் பாப்பில ஒரு ரகம், பல நாட்டுல லைசன்ஸ் இல்லாம வளக்கவே கூடாது. அது உள்ள இல்ல, தப்பிச்சேன், ஆனா அந்த படத்தை எதுக்குய்யா போடறீங்க? வாங்கறவங்க பப்பாவர் ரோயாஸ் (வயல் பாப்பி, ஷெர்லி ரெண்டுக்கும் இது தான்) மாதிரி தாவரப் பேரு போட்டு ஒரே வகையா விக்கறதை வாங்குங்க.

அஞ்சுக்கு மூணு, அதுவும் விதை முளைச்சதுக்காக. ரெண்டாவது சீசனுக்கு நான் பாக்கெட்டே வாங்கல, ஷெர்லி காய் காஞ்சதும் மூடிக்கு கீழ சின்ன சின்ன ஓட்டை திறக்கும், மிளகுத்தூள் டப்பா மாதிரி கவருக்குள்ள கவுத்து ஆட்டினா போதும். கலிஃபோர்னியா காயை மட்டும் வெடிக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடி பறிச்சிடுங்க, நான் லேட் பண்ணேன், இப்ப நடைபாதை இடுக்கு பூரா ஆரஞ்சு பூ.