நாலு ஸ்பீக்கரும் ஒரே நாளில் போகுமா?

ஜெர்மனியிலிருந்து ஊருக்குப் போய்வந்ததில் பெரும்பாலானவை ஒழுங்காகவே நடந்தன. விமானம், பெட்டிகள், வங்கி வேலை, கும்பகோணம் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தது, எதிலும் குறையில்லை, ஆகவே எழுதவும் ஒன்றுமில்லை. எழுத இருப்பதெல்லாம் குரோம்பேட்டை வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவின் பழைய வேகன்-ஆரில் பாட்டு வராமல் போனதும், அதற்காக நான் அலைந்த அலைச்சலும்தான்.

செட்டு ஆன் ஆகிறது. லைட் எரிகிறது. 101.4 வைத்தால் ஸ்டேஷன் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பென் டிரைவ் போட்டால் நிமிடமும் வினாடியும் ஓடுகிறது, போனில் புளூடூத்தும் சேர்கிறது. சத்தம் மட்டும் இல்லை. வால்யூமை முழுக்க ஏற்றினாலும் ஒரு 'உஸ்' கூட இல்லை. மியூட், பேலன்ஸ், ஃபேடர் எல்லாம் பார்த்தாயிற்று. "மழை முடிஞ்சதிலேருந்து அப்படித்தான் இருக்கு, வண்டி ஓடுதுல்ல, விடு" என்றார் அப்பா. எனக்கு விட மனமில்லை. லிஸ்ட் எழுதிக்கொடுத்து ஒரு வாரம் காத்திருந்து டிடிகே கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து வாங்கிய தலைமுறை நாம், கும்பகோணம் வரைக்கும் ஏசி சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போக முடியுமா?

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். வாசலில் சல்யூட், உள்ளே ஏசி, காபி மெஷின், டேப்லெட்டில் ஜாப் கார்டு. ஜாப் கார்டு திறக்க அப்பா போனுக்கு ஓடிபி வரும், அப்பா போன் வீட்டில் சார்ஜில் இருக்கிறது, அம்மாவுக்கு மெசேஜ் திறக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பையன் வந்து படித்துச் சொல்வதற்குள் நான் மூன்று காபி குடித்துவிட்டேன். மதியம்வரை உட்கார வைத்துவிட்டு வந்து சொன்னார்கள்: "சார், யூனிட் போயிடுச்சு. இது வெளியே மாட்டின செட்டு, நாங்க கை வைக்க மாட்டோம். புதுசு போட்டுக்கலாம், இருபத்திரண்டாயிரம் ஆகும்." கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "செக் பண்ணிட்டோம் சார்." செட்டைச் சுற்றியிருந்த பட்டையின் மேல் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. கிளம்பும்போது அந்தப் பையன் பின்னாலேயே வந்து, "ஃபீட்பேக் கால் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லுங்க, ஒன்பது சொன்னாலும் எங்களுக்குப் பிரச்சினை" என்றான்.

ஜெர்மனியில் மட்டும் என்ன வாழுதாம் என்று கேட்பீர்கள். நான் இருக்கும் ஸ்டுட்கார்ட்டில் வண்டியை ஒருவர் தொட வேண்டுமானால் முதலில் டெர்மின், அதாவது வரவேண்டிய நாளும் நேரமும், வாங்க வேண்டும், அது மூன்று வாரம் கழித்துக் கிடைக்கும், மணிக்கு நூறு யூரோவுக்கு மேல் கூலி, கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு அங்கேயும் புதுசு போடத்தான் சொல்வார்கள். ரேடியோ கேட்கிறோமோ இல்லையோ வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் வேறு. ஆனால் என்ன செய்தோம், என்ன செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். தப்பாகவே இருந்தாலும் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போட ஒரு தாள் இருக்கும். இங்கே "செக் பண்ணிட்டோம்" என்ற ஒரு சொல்லோடு முடிந்தது.

அப்புறம் கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு. வண்டியை ஸ்லோ பண்ணியதும் நாலு பேர் வந்து கண்ணாடியைத் தட்டி, சீட் கவரா, மேட்டா, ஹாரனா என்று கேட்பது மட்டும் கொஞ்சமும் மாறவில்லை, அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட. நான் நுழைந்த கடையில் வியாதியை யாரும் கேட்கவில்லை. "இந்த செட்டெல்லாம் இப்ப யார் சார் வச்சிருக்கா" என்று 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீனை எடுத்துவைத்தார்கள், ரிவர்ஸ் கேமரா ஃப்ரீ. ஸ்பீக்கரும் போயிருக்கும், நாலையும் மாற்றிவிடலாம் என்றார்கள். நாலும் ஒரே நாளில் எப்படிப் போகும்? ஒரு வீட்டில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி வந்த மாதிரி இல்லையா இது? கேட்டேன். "சைனா ஸ்பீக்கர் சார், அப்படித்தான் போகும்" என்று பதில் வந்தது. நான் எந்த நாட்டிலிருந்து வருகிறேன் என்று விசாரித்த பிறகு சொன்ன விலையை இங்கே எழுதி உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை.

கடைசியில் தெருமுனையில் இஸ்திரி போடுபவர்தான் வழி சொன்னார், பம்மல் பக்கம் ஒரு பாய் இருக்கிறார் என்று. தகர போர்டில் 'டைனமோ, செல்ஃப், வயரிங்' என்று எழுதிய கடை. காலை பத்து மணிக்கு வீட்டுக்கே வருகிறேன் என்றார், "வந்துட்டே இருக்கேன் சார்" என்று போனில் இரண்டு முறை சொல்லி, பன்னிரண்டரைக்கு வந்தார். ஜெர்மனியில் ஐந்து நிமிடம் தாமதமானாலே போன் செய்து மன்னிப்புக் கேட்பார்கள் என்று மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் மனிதர் வந்ததும் முதலில் கேட்ட கேள்வியே, "நாலும் ஒண்ணா நின்னுச்சா, ஒண்ணொண்ணா நின்னுச்சா?" என் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

செட்டை வெளியே இழுத்தார். ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பின்னால் வயர்களெல்லாம் வந்து சேரும் கப்ளரைக் கழற்றிவிட்டு, "ஒரு பென்சில் செல் இருக்கா சார்?" என்றார். ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன் (அப்பாவுக்கு அதில் வருத்தம், மாத்திரை நேரம் தெரியாதாம்). வெள்ளை, கிரே, பச்சை, வயலெட் என்று ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு ஜோடி வயரிலும் செல்லைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். நாலிலும் 'டப் டப்' என்று கேட்டது. ஆக நாலு ஸ்பீக்கரும் நல்லாயிருக்கிறது. அடுத்து டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டிவிட்டு, அதே வயர்களை மறுமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டார். எரியக் கூடாது. பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரைத் தொட்டதும் பளிச்சென்று எரிந்தது.

"பின்னாடி லெஃப்ட் வயர் எங்கியோ பாடியத் தொடுது சார். ஒண்ணு தொட்டாலும் செட்டு வாயை மூடிக்கும், தன்னைக் காப்பாத்திக்குது."

பழைய கேசட் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸைப் பாடியிலேயே (வண்டியின் தகரம், பேட்டரி மைனஸும் அதில்தான் சேர்ந்திருக்கும்) கொடுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது. இப்போதைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே பேட்டரியின் பாதி, சுமார் 6 வோல்ட், நிற்கிறது. அதில் ஒன்று பாடியைத் தொட்டால் நேர் மின்சாரம் கொட்ட ஆரம்பிக்கும், உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஐசி எரிந்துபோகாமல் இருக்க நாலு சேனலையும் சேர்த்து நிறுத்திவிடும். நாலும் ஒன்றாக நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான். இதை ஒரு பென்சில் செல்லும் ஒரு பல்பும் சொல்லிவிட்டன, டேப்லெட் சொல்லவில்லை.

இடப்பக்கக் கதவடிப் பட்டையைக் கழற்றி, பின்சீட்டைத் தூக்கினால் யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைத் துண்டு துண்டாகக் கிழித்து எலி மெத்தை போட்டிருக்கிறது. பக்கத்தில் வயர் கடிபட்டுச் செம்பு தெரிய, தகரத்தின் மேல் படுத்திருந்தது. கடிபட்ட இடத்தை வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, டேப் சுற்றி, கப்ளரை மாட்டி ஆன் செய்தார். வால்யூம் முழுசாக இருந்தது எங்கள் யாருக்கும் நினைவில்லை. முதலில் வந்தது பாட்டும் இல்லை, ஏதோ மனை விற்பனை விளம்பரம், தெருவே திரும்பிப் பார்த்தது.

எலித் தொல்லையை நம் ஊருக்கு மட்டும் எழுதி வைக்க முடியாது. ஜெர்மனியில் மார்டர் என்று கீரி மாதிரி ஒரு பிராணி, ராத்திரியில் பானெட்டுக்குள் புகுந்து வயரையும் ரப்பர் குழாயையும் கடித்துவைக்கும். அதற்கென்றே இன்சூரன்ஸில் இடம் உண்டு, விரட்டுவதற்கு மின்சாரக் கருவி விற்கிறார்கள். பாய் சொன்ன மருந்து ஒரு கட்டுப் புகையிலையும் பாச்சை உருண்டையும். இப்போது வண்டிக்குள் கோயிலுக்குப் போகிற வாசனை சுத்தமாக இல்லை.

கூலி நானூறு ரூபாய். "ஜிபே பண்ணிடுங்க சார்" என்று கியூஆர் அட்டையை நீட்டினார். உலகமே சுற்றும் கார்டு என் பையில் இருக்கிறது, யுபிஐ மட்டும் இல்லை. டீக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் இருப்பது என்னிடம் இல்லாததைப் பற்றி இந்தப் பயணம் முழுக்கப் புலம்பிக்கொண்டே இருந்தேன். ஐந்நூறு தாளைக் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், உடனே அப்பா, "நீ பாட்டுக்குக் குடுத்துட்டுப் போயிடுவ, அடுத்த வாட்டி என்கிட்ட அதையே கேப்பாங்க" என்று அவர் எதிரிலேயே சண்டைக்கு வந்தார். பாய் சிரித்துக்கொண்டே நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முன்பக்க வலது ஸ்பீக்கரில் ஓரம் கிழிந்து பேஸ் வரும்போது கரகரக்கிறது, புதன்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். நான் திரும்பிவந்து பல புதன்கிழமைகள் ஆகிவிட்டன. சர்வீஸ் சென்டரிலிருந்து ஃபீட்பேக் கால் மட்டும் தவறாமல் வந்ததாம், அப்பா பத்துக்குப் பத்து போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பையன் கேட்டான்ல, பாவம்."