பாதி காலியாகப் போனாலும் தனி கண்டெய்னர்தான்

போன ஐப்பசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு ஒரு ஆர்டர் முடித்தோம். டேபிள் கிளாத்தும் நாப்கினுமாக 150 அட்டைப் பெட்டி. பெட்டி ஒவ்வொன்றும் 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர், மொத்தம் 14.4 சிபிஎம், அதாவது கன மீட்டர். கரூரில் எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கு இதைவிடச் சங்கடமான அளவு கிடையாது. 20 அடி கண்டெய்னரை நிரப்ப இது போதாது. மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து எல்.சி.எல்.லில் போடலாம் என்றால் அதற்குக் கொஞ்சம் அதிகம். நான்கு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எஃப்.சி.எல்., அதாவது தனி கண்டெய்னரே எடுத்தோம். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காலி இடத்தோடுதான் அது தூத்துக்குடியிலிருந்து கிளம்பியது. அடுத்த முறையும் அப்படித்தான் செய்வேன்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏற்றுமதியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எல்.சி.எல்.லில் உங்கள் சரக்கு பிடிக்கும் இடத்துக்கு மட்டும் காசு. கன மீட்டர் எண்ணிக்கையா, டன் எண்ணிக்கையா, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுப்பார்கள். எங்கள் 150 பெட்டியின் எடை 2,700 கிலோதான் என்பதால் 14.4 என்றுதான் பில் வரும். பருத்தித் துணிக்கு எப்போதும் இடக்கணக்குதான். எஃப்.சி.எல்.லில் கண்டெய்னர் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஒரே வாடகை.

இவற்றில் எது மலிவு என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். தனி கண்டெய்னருக்கு ஆகும் மொத்தச் செலவை எல்.சி.எல்.லில் ஒரு சிபிஎம்முக்கு ஆகும் மொத்தச் செலவால் வகுத்தால், எத்தனை சிபிஎம்மில் இரண்டும் சமம் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அது 11 என்று வந்தது. கப்பல் வாடகை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் இந்த 11ஐ யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பக்கத்திலும் 'மொத்தச் செலவு' என்பதில்தான் கவனம் வேண்டும். தனி கண்டெய்னர் என்றால் காலிக் கண்டெய்னர் தூத்துக்குடி யார்டிலிருந்து கரூர் வந்து, சரக்கோடு திரும்பிப் போக வேண்டும். ஒரு வழியே 250 கிலோமீட்டருக்கு மேல். டிரெய்லர் வாடகை இரண்டு வழிக்கும் சேர்த்து விழும். எல்.சி.எல்.லுக்கு ஒரு சின்ன லாரி ஒரு வழி போனால் போதும். இதைச் சேர்க்காமல் கப்பல் வாடகையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

எல்.சி.எல். பக்கம் சேர்க்க வேண்டியது சரக்கு போய்ச் சேரும் ஊரில் விழும் பில். பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கண்டெய்னரில் அனுப்பும் கன்சாலிடேட்டர்களுக்குள் போட்டி அதிகம் என்பதால் இங்கே கப்பல் வாடகையை மிகக் குறைத்துக் கொடுப்பார்கள். அந்தக் குறைவை ஹாம்பர்க்கில் இருக்கும் அவர்களுடைய ஏஜெண்ட் பையரிடம் ஈடுகட்டிக்கொள்வார். பிரித்து இறக்கும் கூலி, டாக்குமெண்ட், டெலிவரி ஆர்டர் என்று வரிசையாக வரும். நாங்கள் சி.ஐ.எஃப். விலைக்குத்தான் விற்கிறோம். கப்பல் வாடகையும் இன்சூரன்சும் எங்கள் தலையில், துறைமுகத்தில் இறங்கிய பிறகு வருவது பையர் தலையில். இங்கே 200 டாலர் மிச்சம் பிடித்தேன் என்று நான் சந்தோஷப்பட, அங்கே பையர் அதைவிடப் பெரிய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் விளக்கம் கேட்பார். கொட்டேஷன் வாங்கும்போதே அந்த ஊர்ச் செலவையும் எழுத்தில் வாங்கி பையருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது காசு இல்லை. பெட்டியை எத்தனை கை தொடுகிறது என்பதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்கு 70 பெட்டி எல்.சி.எல்.லில் அனுப்பினோம். வெள்ளை நாப்கின். பையர் அனுப்பிய போட்டோவைப் பார்த்தபோது எங்கள் பெட்டிதானா என்று சந்தேகமாகிவிட்டது. ஒன்பது பெட்டி நசுங்கியிருந்தது, இரண்டின் அடிப்பக்கம் ஈரம் ஏறி உப்பியிருந்தது. அதைவிட மோசம், பிரித்துப் பார்த்த இன்னும் சில பெட்டிகளில் மசாலா வாடை. பக்கத்தில் என்ன சரக்கு ஏற்றினார்களோ, எங்களிடம் கேட்டு ஏற்றப்போவதில்லை. பருத்தி வாடையை இழுத்துக்கொள்ளும், லேசில் விடாது. சாப்பாட்டு மேசையில் வைக்கும் துணி அது. பையர் மொத்த பில்லில் பிடித்தம் செய்தார், நானும் மறுக்கவில்லை.

இன்சூரன்ஸ் கேட்கப் போனபோதுதான் உண்மையான பாடு. எந்த இடத்தில் சேதமானது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது சரக்கைக் கண்டெய்னரில் ஏற்றி இறக்கும் கிடங்கில், நல்ல நிலையில் வாங்கியதாக ரசீது இருந்தது. அந்தப் பக்கம் இறக்கியவர்கள், வந்தது இப்படித்தான் என்றார்கள். நடுவில் நடந்ததற்குக் காகிதமே கிடையாது.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு தாளில் எண்ணினேன். எங்கள் குடோனிலிருந்து லாரிக்கு ஒரு தடவை. லாரியிலிருந்து சி.எஃப்.எஸ். தரைக்கு இரண்டாவது. தரையிலிருந்து கண்டெய்னருக்குள் மூன்றாவது. அந்த வாரம் நேரடியாக அந்த ஊருக்குப் போகும் கூட்டுக் கண்டெய்னர் இல்லையென்றால் கொழும்பில் வெளியே எடுத்து, வேறு கண்டெய்னரில் ஏற்றுவார்கள். அது நான்கு, ஐந்து. போய்ச் சேர்ந்த ஊரில் வெளியே எடுப்பது ஆறு, டெலிவரி லாரியில் ஏற்றுவது ஏழு, பையர் குடோனில் இறக்குவது எட்டு. ஒரு பெட்டி எட்டு முறை தூக்கி வைக்கப்படுகிறது. அதில் முதல் முறையும் கடைசி முறையும் தவிர மற்ற ஆறும் உள்ளே இருப்பது என்னவென்று தெரியாதவர்கள் கையில். அவர்களைக் குறை சொல்லவில்லை. நாளுக்கு ஆயிரம் பெட்டி தூக்குகிறவருக்கு இதில் வெள்ளை நாப்கின் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

தனி கண்டெய்னரில் இரண்டே கை. எங்கள் ஆட்கள் ஏற்றுகிறார்கள், பையரின் ஆட்கள் இறக்குகிறார்கள். கொழும்பில் ஃபீடர் கப்பலிலிருந்து பெரிய கப்பலுக்கு மாறும்போது கிரேன் முழுப் பெட்டியையும் தூக்கி வைக்கிறது, கதவு திறப்பதில்லை. கண்டெய்னர் என்ற பொருள் பிறந்ததே இதற்காகத்தான். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி அமெரிக்காவின் நுவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் மால்கம் மெக்லீன் 58 கண்டெய்னர்களை அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஏற்றி இறக்கிய சரக்கை, இரண்டு முனையைத் தவிர யாரும் தொட வேண்டாம் என்று ஆக்கியதுதான் அவர் செய்த பெரிய காரியம். எல்.சி.எல்.லில் நாம் அந்தத் தோள் சுமையைப் பாதியாவது திரும்பக் கொண்டுவருகிறோம்.

இந்த 'இரண்டே கை' தானாகக் கிடைக்காது. கஸ்டம்ஸிடம் ஒருமுறை அனுமதி வாங்கிவிட்டால் எங்கள் வாசலிலேயே ஏற்றி, இ-சீல் என்ற மின்னணு முத்திரை போட்டு நாங்களே பூட்டலாம். அந்த அனுமதி இல்லாதவர்கள் தனி கண்டெய்னர் எடுத்தாலும் சி.எஃப்.எஸ்.ஸில்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது இரண்டு நான்காகிவிடும். காகித வேலைக்குச் சோம்பல்பட்டு இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். முதலில் இதை முடியுங்கள்.

வாசலுக்கு வரும் காலிப் பெட்டியையும் அப்படியே நம்பக் கூடாது. ஒரு ஆள் உள்ளே போய்க் கதவை மூடச் சொல்ல வேண்டும். இருட்டில் எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது, மழை உள்ளே வரும். தரைப் பலகையைத் தொட்டுப் பார்த்து ஈரமா, எண்ணெய்க் கறையா என்று கவனிக்க வேண்டும். ஐப்பசி ஆர்டருக்கு முதலில் வந்த பெட்டியில் பழைய சரக்கின் வாடை இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டோம். ஒரு நாள் போனது. துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு இரண்டு நாள் முன்னதாகவே திட்டமிட்டிருந்ததால் தப்பித்தோம். எல்.சி.எல்.லில் இந்தச் சோதனை செய்ய உங்களுக்கு வழியே இல்லை. உங்கள் சரக்கு எந்தப் பெட்டியில் போகிறது என்பதே ஏற்றிய பிறகுதான் தெரியும்.

பாதி காலியாகப் போனால் உள்ளே சரிந்து விழாதா என்று கேட்பார்கள். நானும் அதைத்தான் பயந்தேன். ஏற்றும் மேஸ்திரி தரையில் அளந்து பார்த்து வழி சொன்னார். எங்கள் அளவுப் பெட்டியை அகலவாக்கில் மூன்று வரிசை, நீளவாக்கில் ஒரு வரிசை என்று வைத்தால் ஓர் அடுக்குக்கு 51. ஐந்து அடுக்கு அடுக்கினால் 255 பிடிக்கும். 33 சிபிஎம் என்று காகிதத்தில் போட்டிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 24.5 சிபிஎம்தான். 150 பெட்டியை ஒரு பக்கமாக உயரமாக அடுக்காமல் தரை முழுக்கப் பரப்பியதும் மூன்று அடுக்கில் முடிந்தது, கடைசி அடுக்கில் மூன்றே பெட்டி குறைவு. 1.2 மீட்டர் உயரத்தில் விழுவதற்கு எதுவும் இல்லை. கதவுப் பக்க இடைவெளியில் காற்றுப் பைகளை ஊதி வைத்தோம். அடியில் இருக்கும் பெட்டி மேலே இரண்டை மட்டும்தான் தாங்குகிறது என்பது கூடுதல் லாபம்.

காலி இடத்தால் வரும் ஒரே கவலை ஈரம். பருத்தியே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். தூத்துக்குடி வெயிலில் பூட்டிய பெட்டி ஐரோப்பாவின் குளிருக்குள் போகும்போது உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் கூரைத் தகட்டில் நீராகப் படிந்து மேலிருந்து சொட்டும். உள்ளே காற்று அதிகம் என்றால் ஈரமும் அதிகம். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைப் பக்கச் சுவரில் தொங்கவிட்டு, மேலடுக்குக்கு மேல் கிராஃப்ட் பேப்பர் விரித்தோம். செங்கடல் பிரச்சினைக்குப் பிறகு 2023 கடைசியிலிருந்து பெரும்பாலான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்து, பயணம் பத்துப் பதினைந்து நாள் நீண்டது. ஒரு வாரம் தாங்கும் ஏற்பாடெல்லாம் அந்தத் தூரத்துக்குப் போதாது. 150 பெட்டியும் உலர்ந்தே போய்ச் சேர்ந்தன.

எல்.சி.எல்.லுக்கும் இடம் இருக்கிறது, மறைக்கவில்லை. சாம்பிள் ஆர்டர், மூன்று நான்கு சிபிஎம், புது பையரின் முதல் கொள்முதல் என்றால் வேறு யோசனையே வேண்டாம். பையரின் குடோன் குறுகிய தெருவில் இருந்து டிரெய்லர் நுழைய முடியாது என்றாலும் அதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பையர் காசு கட்டி பி.எல்.லை, அதாவது சரக்கை எடுக்கத் தேவையான கப்பல் ரசீதை, வாங்கத் தாமதித்தால், தனி கண்டெய்னருக்கு இலவச நாட்கள் முடிந்த மறுநாளிலிருந்து டிமரேஜ், டிடென்ஷன் என்று தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். எல்.சி.எல்.லில் குடோன் வாடகையோடு நிற்கும். நம்பிக்கை வராத பையருக்கு முழுப் பெட்டி அனுப்பிவிட்டுத் தூக்கம் கெடக் கூடாது.

அதே நேரம், எல்.சி.எல். பெட்டியில் பத்துப் பேர் சரக்கு இருந்தால் ஒருவருடைய காகிதம் தவறினாலும் மற்ற ஒன்பது பேரும் காத்திருக்க வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் சிக்கியதே, அதன் உரிமையாளர்கள் ஜெனரல் ஆவரேஜ், அதாவது கப்பலை மீட்ட செலவைச் சரக்குக்காரர்களும் பங்கிட வேண்டும் என்று, அறிவித்தபோது சரக்கு வைத்திருந்த ஒவ்வொருவரும் உத்தரவாதம் கொடுத்தால்தான் பெட்டியை விடுவிப்பார்கள் என்ற நிலை. தனிப் பெட்டி என்றால் உங்கள் உத்தரவாதம் மட்டும் போதும். கூட்டுப் பெட்டியில் பத்துப் பேரும் கொடுக்க வேண்டும். இரண்டு வழியிலும் மரைன் இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

நான் சொல்வதெல்லாம் தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்கு, பருத்தித் துணி அனுப்பியதை வைத்துத்தான். அமெரிக்காவுக்கு ஒரே ஒரு முறை அனுப்பியிருக்கிறேன், அதுவும் பையர் நியமித்த ஃபார்வர்டர், அதாவது சரக்கு அனுப்பும் ஏஜெண்ட், மூலம், அதனால் அந்தப் பக்கத்துக்கு என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரும்பு, கிரானைட் போல எடைச் சரக்குக்கு 11 சிபிஎம் கணக்கே பொருந்தாது.

இப்போது அதே ஹாம்பர்க் பையரின் அடுத்த ஆர்டர் தறியில் இருக்கிறது. 96 பெட்டி, 9.2 சிபிஎம். தனி கண்டெய்னர் எடுத்தால் கையைக் கடிக்கும். எங்கள் தெருவிலேயே இன்னொருவர் அதே பையருக்கு பெட்ஷீட் போடுகிறார், அவரிடம் 110 பெட்டி இருக்கிறது. இரண்டையும் தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.ஸில் வைத்து ஒரே 20 அடியில் ஏற்றலாமா என்று பையரிடம் கேட்டோம், சம்மதித்துவிட்டார். 206 பெட்டி, நான்கு அடுக்கும் கொஞ்சமும். இங்கே இரண்டு கை கூடும், ஆனால் பூட்டிய பிறகு ஹாம்பர்க்கில் அவர் குடோன் வாசலில்தான் திறக்கும். வாடகையைப் பெட்டி எண்ணிக்கைக்குத் தக்கபடி பிரித்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். தை பிறந்ததும் ஏற்றுகிறோம்.