தாண்டிக்குடிப் பக்கம் "ஆற்றுக்குளியலுடன் கேம்ப்" புக் செய்கிறவர்கள் கவனத்துக்கு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கீழ்ப்பழனி மலைக்குக் குடும்பத்தோடு ஓடைக்கரை கேம்ப் போகத் திட்டம் வைத்திருக்கிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் பணம் போனது மட்டும் விஷயம் இல்லை. கூட வந்த சின்னப் பிள்ளைகளின் உயிர் தப்பியதே பெரிய காரியம்.

கொடைக்கானலில் பேக்கேஜ் போட்டுத் தருகிற ஓர் ஏஜென்ட் மூலம் பதிவு செய்தோம். பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையில் காபித் தோட்டத்துக்குள் கூடாரம், ராத்திரிச் சாப்பாடு, "பாதுகாப்பான இயற்கை நீச்சல் குளம்", மறுநாள் கயாக் (துடுப்புப் போடும் சின்னப் படகு). ஆளுக்கு 2,800 ரூபாய், முழுப் பணமும் முன்னாடியே. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் தெளிந்த தண்ணீரில் பிள்ளைகள் கணுக்கால் நனைய நின்றார்கள். அது பங்குனி, சித்திரையில் எடுத்த படமாகத்தான் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் திண்டுக்கல் மாவட்டத்துக்கு வானிலை மையம் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஏஜென்டிடம் கேட்டேன். "அது கீழ திண்டுக்கல் டவுனுக்கு சார். மேல மழையே இல்ல, தண்ணி கணுக்காலுக்குத்தான் ஓடுது" என்றார். பச்சைப் பொய். கொடைக்கானல் வட்டமே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்டத்துக்கு எச்சரிக்கை என்றால் மலைக்கும் சேர்த்துத்தான். அதற்கு முந்தைய இரண்டு ராத்திரியும் அங்கே நல்ல மழை என்று தோட்டத்து ஆட்கள் பிறகு சொன்னார்கள்.

நாங்கள் போனபோது நல்ல வெயில். "நீச்சல் குளம்" என்று அவர்கள் சொன்னது, பெரிய பாறைகளுக்கு நடுவே ஓடை தேங்கி நிற்கிற ஒரு கசம். தண்ணீர் இடுப்பளவு, லேசான கலங்கல். கரையில் இருந்த உண்ணிச்செடிக் கிளைகளில், என் தலைக்கு மேல் உயரத்தில், சுள்ளியும் சருகும் ஒரு கிழிந்த சாக்கும் சுற்றிக்கொண்டு தொங்கின. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். கூட அனுப்பியிருந்த பையனிடம் காட்டிக் கேட்டேன். "காத்துல அடிச்சு ஒட்டியிருக்கும்ணா" என்றான். அவன் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வாரம்தான் ஆகிறதாம், ஊர் கீழே சமவெளியில். கையில் கயிறு இல்லை, விசில் இல்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன், ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் அவனை அங்கே நிறுத்தினவர்களைத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளைக் கரையோரப் பாறையில் உட்கார வைத்தோம். மச்சான் மட்டும் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் பால் விடாத டீத்தண்ணி போல, அப்புறம் முழுச் செம்மண் நிறம். நுரையோடு சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் வெயில்தான். மேல்பக்கத்தில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை ஆட்டிக் கத்தினார்: "தம்பி, செத்தை வருது பாரு! பிள்ளைகளத் தூக்கிட்டு மேல ஏறுங்க, நிக்காதீங்க!"

ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மச்சான் கரைக்கு வருவதற்குள் தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. ஒரு மரவேரைப் பிடித்து, முழங்கால் கிழிந்து வெளியே வந்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாறை அதற்கப்புறம் கண்ணுக்கே தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

இந்த மலையில் வெள்ளம் இப்படித்தான் வரும். சரிவு செங்குத்து, அடியில் பாறை. ஏற்கெனவே நனைந்த மண் மேற்கொண்டு உறிஞ்சாது. பெய்தது அப்படியே ஓடைக்கு இறங்கிவிடும். மழை பெய்கிற இடம் ஒன்று, நாம் குளிக்கிற இடம் ஒன்று. கும்பக்கரையில் பார்க்கலாம்: பெரியகுளத்தில் வெயில் கொளுத்தும், கொடைக்கானல், வட்டக்கானல் பக்கம் பெய்த மழைக்கு அருவியில் வெள்ளம் வந்து வனத்துறை குளிக்கத் தடை போடும். அங்கே தடை போடவாவது ஆள் இருக்கிறது. தனியார் தோட்டத்து ஓடையில் யார் இருக்கிறார்கள்?

அதனால் தண்ணீரின் நிலையைப் பேக்கேஜ் விற்கிறவரிடம் கேட்காதீர்கள். டீக்கடையில் கேளுங்கள், தோட்டத்து வேலைக்காரர்களிடம் கேளுங்கள். "நேத்து ராத்திரி மேல மழையா? தண்ணி ஏறுதா, இறங்குதா?" இந்த இரண்டு கேள்வி போதும். இறங்குவதற்கு முன் தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கல் முழுகினால் தண்ணீர் ஏறுகிறது. கலங்கல், செத்தை, திடீரென்று கூடுகிற இரைச்சல் இவற்றில் எது வந்தாலும் செருப்பையும் பையையும் விட்டுவிட்டு மேடேறுங்கள். ஓடையைக் குறுக்கே கடந்து அக்கரைக்குப் போகப் பார்க்காதீர்கள். வேகமாக ஓடுகிற முழங்கால் தண்ணீர் பெரிய ஆளையே புரட்டிவிடும்.

இருட்டில் மலைப்பாதை இறங்க முடியாமல் அன்றைக்கு அங்கேயே தங்கினோம். மறுநாள் சமாதானப்படுத்துவது போலக் கயாக்குக்கு ஒரு தடுப்பணைக் குட்டைக்குக் கூட்டிப்போனார்கள். லைஃப் ஜாக்கெட் எல்லாம் பெரியவர்கள் சைஸ். பக்கிள் உடைந்ததைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஒன்றில் தையல் பிரிந்து, உள்ளே இருந்த ஃபோம் விரலில் மாவாக உதிர்ந்தது. தண்ணீருக்குள் அமுக்கி விட்டேன். மேலே எழும்பவே இல்லை, ஊறிப்போய்க் கிடந்தது. பிள்ளைகளுக்கான ஜாக்கெட்டில் எத்தனை கிலோ எடைக்கு என்று அச்சடித்திருக்க வேண்டும், கால்களுக்கு நடுவே ஒரு பட்டையும் வேண்டும். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறினால் தண்ணீரில் கழன்றுவிடும். நாங்கள் யாரும் கயாக்கில் ஏறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டெண்ட் குடுத்தோம், சாப்பாடு போட்டோம், இயற்கைக்கு நாங்க என்ன சார் பண்றது" என்றார் ஏஜென்ட். மழை பெய்தது இயற்கை, சரி. மழையே இல்லை என்று சொல்லிப் பணம் வாங்கினதும், ஓட்டை ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டப் பார்த்ததும் இயற்கை இல்லை. இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். ஓடைக்கரையில் ஆபத்து என்றால் 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அந்தத் தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. பிரதான சாலைக்கு வந்த பிறகுதான் பேச முடிந்தது. அந்தப் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.