மலேசியாவா, இந்தோனேசியாவா: சமய உரிமை எங்கே முட்டுகிறது?

மலேசிய அரசியலமைப்பில் அரசுக்கென ஒரு சமயம் உண்டு, இந்தோனேசியாவில் இல்லை. இதை மட்டும் பார்த்து இரண்டாவதுதான் தாராளம் என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். பிரிவுகளை வரிசையாகப் படித்தால் கணக்கு மாறும்.

மலேசியாவின் 3(1) பிரிவு இஸ்லாமைக் கூட்டரசின் சமயம் என்கிறது. மற்றச் சமயங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்பதும் அதே வாக்கியத்தில் வருகிறது. 3(4) இன்னும் முக்கியம்: இந்தப் பிரிவு வேறெந்தப் பிரிவையும் குறைக்காது. இந்தப் பிரிவின் பொருளை ஆராய்ந்த சே ஒமார் வழக்கில், 1988-இல், நாட்டின் உச்ச நீதிமன்றம் 3-ஆவது பிரிவைச் சடங்கு, சம்பிரதாய அளவில்தான் வைத்தது.

சிக்கல் வேறிடத்தில். அதே 1988-இல் சேர்க்கப்பட்ட 121(1ஏ) பிரிவு, ஷரியா (இஸ்லாமியச் சட்ட) நீதிமன்ற வரம்புக்குட்பட்டதில் சிவில் உயர் நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்கிறது. தம்பதியில் ஒருவர் மட்டும் இஸ்லாத்துக்கு மாறிப் பிள்ளைகளையும் மாற்றினால், முஸ்லிம் அல்லாத மற்றவர் ஷரியா நீதிமன்றத்தில் வழக்காட இயலாது. சிவில் நீதிமன்றமோ 'எனக்கு அதிகாரமில்லை' என்று கைவிரிக்கும். ஈப்போவைச் சேர்ந்த தமிழ்த் தாய் தொடுத்த இந்திரா காந்தி வழக்கில்தான், 2018-இல், நாட்டின் உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றம் இந்த முடிச்சை அவிழ்த்தது: பிள்ளையின் மதமாற்றத்துக்குத் தாய், தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். பிள்ளையின் சமயத்தைப் பெற்றோர் தீர்மானிப்பது பற்றிய 12(4)-இல் 'parent' என்று ஒருமையில் உள்ள சொல்லை வைத்தே அதுவரை ஒருவர் சம்மதம் போதும் என்று வாதாடி வந்தார்கள்.

இஸ்லாத்திலிருந்து வெளியேறுவது இன்னும் கடினம். அடையாள அட்டையில் 'இஸ்லாம்' என்ற பதிவை நீக்க ஷரியா நீதிமன்றச் சான்று வேண்டும் என்பதை இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய லினா ஜாய் தொடுத்த வழக்கில், 2007-இல், கூட்டரசு நீதிமன்றம் 2-1 என ஏற்றது. போதாததற்கு, 160-ஆவது பிரிவின்படி மலாய்க்காரர் என்றாலே முஸ்லிம்.

இந்தோனேசியாவில் அரசியலமைப்பு முகவுரையின் வரைவான 1945 ஜூன் 22 ஜகார்த்தா சாசனத்தில், முஸ்லிம்கள் ஷரியாவைப் பின்பற்றும் கடமை பற்றிய ஏழு சொற்கள் இருந்தன. ஆகஸ்ட் 18 அன்று அவை நீக்கப்பட்டன. 29-ஆவது பிரிவில் மிஞ்சியது ஒரே இறைவன் மீதான நம்பிக்கையும் வழிபாட்டுச் சுதந்திரமும். அழகான வாசகம்தான். ஆனால் சமய நிந்தனையைத் தடுக்க வந்த 1965-ஆம் ஆண்டு அதிபர் ஆணையின் விளக்கவுரை ஆறு சமயங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதால், பழங்குடி நம்பிக்கையினர் அடையாள அட்டையில் சமயக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டியிருந்தது. 2017-இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் திருத்தியது. அதே ஆணையிலிருந்து வந்த சமய நிந்தனைச் சட்டப்பிரிவில்தான் கிறிஸ்தவரான ஜகார்த்தா ஆளுநர் ஆஹோக் 2017-இல் இரண்டாண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

வழிபாட்டுத் தலம் கட்டுவதுதான் அங்கே உண்மையான சோதனை. அமைச்சர்கள் இருவர் பிறப்பித்த 2006 கூட்டு ஆணைப்படி வேண்டியவை: அங்கே வழிபடப்போகும் குறைந்தது 90 பயனாளர்களின் பெயரும் அடையாள அட்டையும், சுற்றுவட்டாரத்தில் 60 பேரின் ஆதரவு, சமயத் துறை அலுவலகப் பரிந்துரை, சமய நல்லிணக்க மன்றப் பரிந்துரை. முதல் இரண்டையும் உள்ளூர் அதிகாரி உறுதிப்படுத்த வேண்டும். இடறுவது பெரும்பாலும் அந்த 60-இல்தான்: எதிர்ப்பு கிளம்பியதும் கையெழுத்திட்டவர்கள் பின்வாங்குவார்கள், அல்லது கிராமத் தலைவர் கையெழுத்துப் போடமாட்டார். 90 பேர் இருந்தும் 60 கிடைக்காவிட்டால் உள்ளாட்சி மாற்று இடம் தேடித் தரவேண்டும் என்று ஆணையிலேயே இருக்கிறது. ஆனால் வென்றவர்களுக்கும் உத்தரவாதமில்லை. ஜகார்த்தாவுக்கு அருகிலுள்ள போகோர் நகரின் யாஸ்மின் தேவாலயத்துக்கு 2010-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாதகமாக வந்தும், கட்டடத்தைப் பூட்டி வைத்த முத்திரையை நகராட்சி அகற்றவில்லை. கடைசியில் 2023-இல் வேறிடத்தில்தான் திறந்தார்கள்.

மலேசியாவில் இத்தகைய கையெழுத்துக் கணக்கை அரசியலமைப்பு கேட்பதில்லை. 11(3) சமயக் குழுக்களுக்குச் சொத்து வாங்கும் உரிமையே தருகிறது. ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. தோட்டத்து நிலம் கைமாறும்போது பழைய கோயிலுக்குப் பட்டா இல்லையென்றால் 11-ஆவது பிரிவை நீட்டிப் பயனில்லை. முதலில் நில அலுவலகத்தில் இடம் யார் பெயரில் இருக்கிறதென்று பார்க்க வேண்டும்.