கேம் மென்பொருள்: மில்லிங்கிலும் டர்னிங்கிலும் நீண்ட நாள் ஓட்டியதில் தெரிவது

கேம் (வரைபடத்திலிருந்து சிஎன்சி மெஷினுக்கு வெட்டும் பாதையை எழுதித் தரும்) மென்பொருள் விற்க வருபவர்கள் டெமோவுக்கு எடுத்துவருவது பெரும்பாலும் ஐந்து அச்சில் சுழலும் இம்பெல்லர். கோவைப் பக்கத்து ஜாப் ஒர்க் பட்டறையில் அன்றாடம் ஓடுவதோ மூன்று அச்சு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), இரண்டு அச்சு டர்னிங் சென்டர் (சிஎன்சி லேத்), வார்ப்பிரும்பு பம்ப் கேசிங், இஎன்8 எஃகு ஷாஃப்ட். இந்த வேலைகளுக்கு, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டில் கேமில் வந்த மாற்றங்களில் எது காசாகிறது, எது திரையில் படம் காட்டுவதோடு சரி என்பதுதான் இங்கே பேச்சு. ஃப்யூஷன், மாஸ்டர்கேம், சாலிட்கேம் என்று எதை வைத்திருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். மெனுவில் பெயர் மாறும், கணக்கு மாறாது.

முதலிடம் ரஃபிங்குக்கு, அதாவது அதிகப் பொருளை முதலில் வேகமாக வெட்டித் தள்ளும் வேலைக்கு. சாலிட்கேமில் ஐமெஷினிங், மாஸ்டர்கேமில் டைனமிக் மில்லிங், ஃப்யூஷனில் அடாப்டிவ் கிளியரிங். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: கட்டர் ஜாபைத் தொட்டுக்கொண்டிருக்கும் கோணம் எந்த இடத்திலும் வரம்பு மீறக் கூடாது. பழைய பாக்கெட் (உட்குழிவு) பாதை என்பது வெளிக்கோட்டை உள்ளே உள்ளே தள்ளி வரைவது, அவ்வளவுதான். நேர்கோட்டில் 25 சதவீத ஸ்டெப் ஓவர் (கட்டர் விட்டத்தில் பக்கவாட்டாக வெட்டும் பங்கு) என்றால் தொடுகோணம் 60 பாகை. உள்மூலையில் திரும்பும்போது அதே கட்டர் 90 பாகையையும் தாண்டிப் புதையும். கட்டர் கத்துவதும் உடைவதும் அங்கேதான். அந்த ஒரு மூலைக்குப் பயந்து புரோகிராம் முழுவதும் ஃபீடை (கட்டர் நகரும் வேகத்தை) குறைத்து ஓட்டுவதுதான் வழக்கமாக இருந்தது.

எண்ணில் பார்க்கலாம். 10 மி.மீ. விட்டம், நான்கு பல் கார்பைடு எண்ட்மில், ஜாப் இஎன்8. பழைய முறையில் ஆழம் 5, பக்கவாட்டு 5 மி.மீ., வெட்டு வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர், பல்லுக்கு 0.05 மி.மீ. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 3,183 சுற்று, ஃபீடு 637 மி.மீ. நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 கன செ.மீ. உலோகம் வெளியேறும். புதிய முறையில் ஆழம் 20, பக்கவாட்டு 1 மி.மீ., வேகம் 150 மீட்டர், பல்லுக்கு 0.1 மி.மீ. ஸ்பிண்டில் 4,775, ஃபீடு 1,910, வெளியேறுவது 38 கன செ.மீ. இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு தேய்மானம் நுனியின் 5 மில்லியில் மட்டும் விழாமல் 20 மி.மீ. நீளத்துக்கும் பரவுகிறது.

இதில் பலர் சறுக்குவது ஃபீடில். பக்கவாட்டில் விட்டத்தின் 10 சதவீதம் மட்டும் வெட்டும்போது சிப்பின் அதிகபட்சத் தடிமன் பல்லுக்கான ஃபீடில் 60 சதவீதம்தான். 0.1 கொடுத்தால் 0.06 வரும். ‘பயமாக இருக்கிறது’ என்று பழைய 0.05-ஐயே விட்டுவைத்தால் 0.03 தடிமனில் கட்டர் வெட்டாது, தேய்க்கும். கோட்டிங் போய்விடும், பழி மென்பொருள் மீது விழும். ரன்அவுட்டும் (கட்டர் மையம் தப்பிச் சுழலும் அளவு) இங்கே உறைக்கும். 0.06 தடிமன் சிப்பில் 0.02 மி.மீ. ரன்அவுட் என்றால் ஒரு பல் அளவுக்கு மீறி வெட்டும், எதிர்ப்பக்கப் பல் குறைவாக வெட்டும். இஆர் கோலட்டில் (கட்டரை நெருக்கிப் பிடிக்கும் பிளவுள்ள வளையம்) பிடித்த கட்டர் ஆழமான வெட்டில் மெல்லக் கீழே உருவிக்கொண்டு வரும். பாக்கெட் ஆழம் 0.1, 0.2 என்று கூடிக்கொண்டே போனால் புரோகிராமைத் தோண்டுவதற்கு முன் கோலட்டையும் நட்டையும் பாருங்கள். சைட் லாக் ஹோல்டர் அல்லது மில்லிங் சக் இருந்தால் இந்த வேலைக்கு அதையே ஒதுக்கிவிடலாம். எஃகில் கோட்டிங் போட்ட கார்பைடுக்குக் கூலண்டை விடக் காற்று நல்லது. சூடேறிச் சூடேறிக் குளிர்வதில்தான் விளிம்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. அலுமினியத்துக்கு இந்த அறிவுரை செல்லாது, அங்கே கூலண்ட் இல்லாவிட்டால் சிப் பல்லில் ஒட்டும்.

எல்லாவற்றுக்கும் இதைப் போடுவதும் தவறு. 2 மி.மீ. ஆழப் பள்ளத்துக்கும், 63 மி.மீ. ஃபேஸ் மில் போட்டு 3 மி.மீ. அலவன்ஸ் (மிச்சம் வைத்த தடிமன்) எடுக்கும் மேற்பரப்புக்கும் பழைய பாதையே முந்தும். அடாப்டிவ் பாதையில் ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டர் சும்மா திரும்பி வர வேண்டும். குறுகலான பள்ளத்தில் சைக்கிள் டைமின் கணிசமான பங்கு அந்தத் திரும்பலிலேயே போய்விடும். சுருளாக இறங்கும் நுழைவிலும் ஒரு கண் வேண்டும். சுருள் பாதையின் விட்டம் கட்டர் விட்டத்தைவிடப் பெரிதானால் நடுவில் தூண் மாதிரி ஒரு கட்டை நிற்கும். அடுத்த நகர்விலேயே கட்டர் அதில் முழுதாக மோதும்.

இரண்டாவது பெரிய மாற்றம், மிச்சப் பொருளைக் கணக்கில் வைப்பது. முந்தைய கட்டர் எங்கே எவ்வளவு விட்டுவைத்தது என்று தெரிந்து, 6 மி.மீ. கட்டர் மூலைகளுக்கு மட்டும் போகிறது. நல்ல வசதி. ஆனால் வார்ப்பில் இது கவிழ்த்துவிடும். ஸ்டாக் (வெட்டத் தொடங்கும் மூலப்பொருள்) என்று பெட்டி வடிவம் கொடுத்தால் பம்ப் கேசிங்கைச் சுற்றி நெடுநேரம் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். வார்ப்பின் மாடலையே கொடுத்தால் வேறு வம்பு. மணல் வார்ப்பில் கோர் (உள்வெற்றிடத்தை உருவாக்கும் மணல் கட்டி) ஒன்றிரண்டு மில்லி விலகி நிற்பது சாதாரணம். அங்கே எதுவும் இல்லை என்று மென்பொருள் ரேபிடில் (வெட்டாமல் முழு வேகத்தில் நகர்வது) போகும், ஜாபில் உலோகம் இருக்கும். வார்ப்பு மாடலை எல்லாப் பக்கமும் 1.5 முதல் 2 மி.மீ. வரை உப்பவைத்து அதை ஸ்டாக்காகக் கொடுப்பது பாதுகாப்பான நடுவழி. கொஞ்சம் காற்று வெட்டும், போகட்டும்.

மிச்சப் பொருள் கணக்கின் இன்னொரு தொல்லை மெல்லிய சீவல்கள். முதல் ரஃபிங்கில் 0.3 மி.மீ. அலவன்ஸ், இரண்டாவதில் 0.25 என்று வைத்தால், 0.05 மி.மீ. தோலைத் தேடிக் கட்டர் ஜாப் முழுக்க அலையும். இரண்டாவது ரஃபிங்கின் அலவன்ஸ் முதலாவதை விட 0.05 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். சின்ன மிச்சத்தை விட்டுவிடு என்று சொல்லும் அமைப்பு எல்லா நல்ல மென்பொருளிலும் உண்டு. அதற்கு 0.1 கொடுத்தால் அலைச்சல் நிற்கும்.

மென்பொருள் போகும் வேகத்துக்குப் பழைய கண்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கணினி) ஈடுகொடுக்காது. ஆர்எஸ்232 கேபிளில் 9600 பாட் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 960 எழுத்து. ஒரு வரிக்கு 24 எழுத்து என்று வைத்தால் 40 வரி. ஒவ்வொரு வரியும் 0.1 மி.மீ. நகர்வு என்றால் நொடிக்கு 4 மி.மீ., நிமிடத்துக்கு 240. புரோகிராமில் 1,910 என்று எழுதி என்ன பயன்? மெஷின் திக்கித் திக்கிப் போகும், ஜாபில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஸ்மூத்திங்கைப் போட்டு, சின்னக் கோடுகளை வளைவுகளாக மாற்றச் சொன்னால் கோப்பு பல மடங்கு சுருங்கும். டாலரன்ஸ் 0.01 மி.மீ. என்றால் ஸ்மூத்திங்குக்கும் அதே 0.01 ரஃபிங்குக்குப் போதும். வளைவு வரும்போது ஃபானுக் கண்ட்ரோலில் அலாரம் 020 வந்தால், போஸ்ட் (கேம் பாதையை மெஷினின் ஜி கோடாக மாற்றும் கோப்பு) எத்தனை தசம இலக்கம் எழுதுகிறது என்று பாருங்கள். தொடக்கப்புள்ளி ஆரமும் முடிவுப்புள்ளி ஆரமும் பொருந்தவில்லை என்பதுதான் அந்த அலாரம். கார்டிலிருந்து ஓட்டும் வசதி இருந்தால் கேபிளைக் கழற்றி வைத்துவிடலாம். ஜி05.1 க்யூ1 (வரும் வரிகளை முன்கூட்டிப் படித்து ஓட்டும் கட்டளை) எடுக்கும் கண்ட்ரோல் என்றால் போஸ்ட் அதை எழுதுகிறதா என்பதையும் பாருங்கள்.

சிமுலேஷனை நம்பலாமா? ஹோல்டரும் வைஸும் உள்ளே இருந்தால் நம்பலாம். கட்டர் மட்டும் வரைந்துவிட்டு ஹோல்டரை விட்டுவிட்டால் அது வெறும் சினிமா. ஸ்டிக் அவுட் (ஹோல்டருக்கு வெளியே கட்டர் நீண்டிருக்கும்) நீளம் 35 என்று லைப்ரரியில் இருக்கிறது, செட்டர் 30-இல் பிடித்திருக்கிறார் என்றால் மென்பொருள் பச்சை காட்டிய இடத்தில் நட்டு ஜாபில் உரசும். சிமுலேஷன் காட்டாத இன்னொன்று உண்டு. பல ஃபானுக் மெஷின்களில் ஜி0 (ரேபிட் கட்டளை) நேர்கோட்டில் போகாது. எக்ஸும் ஒய்யும் தத்தம் முழு வேகத்தில் கிளம்பி, ஒன்று முந்தி முடித்துக்கொள்ளும். பாதை முழங்கை மாதிரி மடங்கும். திரையில் கிளாம்பைத் தாண்டிப் போனது மெஷினில் கிளாம்ப் மேலேயே போகும். 1401 அளவுருவில் நேர்கோட்டு ரேபிடுக்கான பிட்டை மாற்றலாம், அல்லது எக்ஸ் ஒய் சேர்ந்து நகரும் ரேபிடுகளை உயர் ஃபீடு ஜி1-ஆக (நேர்கோட்டு வெட்டு நகர்வு) எழுதும்படி போஸ்ட்டில் தேர்வு செய்யலாம்.

டர்னிங் பக்கம் முன்னேற்றம் மெதுவாகத்தான் வந்தது. இரண்டு படி, ஒரு சாம்ஃபர் உள்ள புஷ்ஷுக்குக் கேமைத் திறப்பதே வீண். கண்ட்ரோலில் ஜி71 (ரஃபிங் சுழற்சிக் கட்டளை) அடித்து முடிக்கலாம், அளவு மாறினால் ஆப்பரேட்டரே ஒரு வரியைத் திருத்துவார். கேமின் பலன் தெரிவது அண்டர்கட்டும் வளைவும் கலந்த ஜாபில். இன்சர்ட்டின் (ஹோல்டரில் பொருத்தும் வெட்டுத் துண்டின்) வடிவத்தை அது கணக்கில் எடுக்கிறது. 95 பாகை ஹோல்டரில் 80 பாகை சிஎன்எம்ஜி பின்பக்கச் சரிவில் 5 பாகைக்கு மேல் இறங்க முடியாது. 93 பாகை ஹோல்டரில் 55 பாகை டிஎன்எம்ஜிக்கு 32 பாகை, 35 பாகை விஎன்எம்ஜிக்கு 52 பாகை. இதில் இரண்டு மூன்று பாகையைக் கழித்தே கொடுங்கள். முதல் இன்சர்ட் போக முடியாத இடத்தை விட்டுவிட்டு, அடுத்த இன்சர்ட்டுக்கு அந்த மிச்சத்தை மட்டும் கொடுக்கிறது. ஜி71 இதைச் செய்யாது.

டர்னிங்கில் அதிகம் ஜாப் கெடுவது மூக்கு ஆர ஈட்டில் (இன்சர்ட் நுனியின் வளைவுக்காகப் பாதையைத் திருத்துவதில்). மென்பொருள் 0.8 ஆரத்தைக் கழித்து ஏற்கெனவே பாதை போட்டிருக்கும். கண்ட்ரோலின் ஆஃப்செட் பக்கத்திலும் ஆர் 0.8 இருந்து, போஸ்ட் ஜி42-வும் (ஈட்டைப் போடும் கட்டளை) எழுதினால் ஈடு இரண்டு முறை விழும். இதில் சூது என்னவென்றால், மைக்ரோமீட்டரில் விட்டமும் நீளமும் சரியாக வரும். 45 பாகை சாம்ஃபரில்தான் தெரியும்: 1 மி.மீ. வர வேண்டியது 1.47 வரும். இரண்டு பக்கமும் ஈடு இல்லாவிட்டால் 0.53 வரும். இந்த இரண்டு எண்ணில் ஒன்றைக் கண்டால் காரணம் கையில் வந்தது மாதிரி. ஒரே வழியைப் பட்டறை முழுக்க வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று எல்லாம் கேமில், இல்லையென்றால் எல்லாம் கண்ட்ரோலில். குரூவிங் டூலில் இதற்கு ஒரு தம்பி உண்டு. 3 மி.மீ. இன்சர்ட்டின் இடது மூலையில் இசட் தொட்டு, கேமில் வலது மூலை என்று இருந்தால் பள்ளம் சரியாக 3 மி.மீ. தள்ளி விழும்.

ஜி96-உடன் (மாறா வெட்டு வேகம்) ஜி50 சுற்று உச்ச வரம்பு வருகிறதா என்று ஒவ்வொரு புதிய போஸ்ட்டிலும் பாருங்கள். நிமிடத்துக்கு 200 மீட்டர் என்றால் 50 மி.மீ. விட்டத்தில் 1,273 சுற்று, 10 மி.மீ. வந்ததும் 6,366. ஃபேசிங்கில் நடுவுக்குப் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும், சக்கின் பிடி தளரும். இது சைக்கிள் டைம் சமாச்சாரம் இல்லை, ஆள் தப்புவது. திரெட்டிங்கை மட்டும் ஜி76-ஆகவே (திரெட் சுழற்சிக் கட்டளை) எழுத வையுங்கள். கேம் பாஸ் பாஸாக நீட்டி எழுதிய திரெட்டில் கேஜ் போகாவிட்டால் மெஷின் முன்னால் நின்று முதல் பாஸ் ஆழத்தை மாற்ற வழியில்லை.

மில் டர்ன் (மில்லிங்கும் செய்யும் லேத்) வாங்கியவர்களுக்கு ஒன்று. ஜி12.1 போலார் முறையில் (எக்ஸ் நகர்வையும் சி அச்சின் சுழற்சியையும் சேர்த்து ஓட்டுவது) எக்ஸ் விட்டமாகவும் சி ஆரமாகவும் எழுதப்படும். போஸ்ட் இதைத் தவறவிட்டால் அறுகோணம் ஒரு பக்கம் இழுத்த மாதிரி வரும். நடுப்புள்ளியைக் கடக்கும் பள்ளத்தைப் போலாரில் போடாதீர்கள். மையத்தை நெருங்கும்போது சி அச்சு சுழல வேண்டிய வேகம் எகிறும். ஒய் அச்சு இருந்தால் அதில்தான் போட வேண்டும்.

ஃபினிஷிங்கில் பேரல் கட்டர் (பீப்பாய் போல் பக்கம் வளைந்த கட்டர்) பற்றிப் பேச்சு அதிகம். கணக்கு உண்மைதான். 6 மி.மீ. பால் நோஸில் (உருண்டை முனைக் கட்டர்) 0.2 மி.மீ. ஸ்டெப் ஓவர் கொடுத்தால் தடங்களுக்கு இடையில் மிஞ்சும் மேடு 0.0017 மி.மீ. 100 மி.மீ. ஆரமுள்ள பேரலில் அதே மேட்டுக்கு 1.15 மி.மீ. வரை தாண்டலாம். ஆனால் கட்டரைச் சாய்க்க ஐந்து அச்சு வேண்டும், டை, மோல்டு வேலையும் டர்பைன் பிளேடும் இருக்க வேண்டும். பம்ப் கேசிங் ஓட்டுபவர்களுக்கு வேண்டாம்.

உரிமச் செலவில் கவனிக்க வேண்டியது, வாங்கிய பின் விதி மாறும் என்பது. ஃப்யூஷனின் தனிநபர் இலவசப் பதிப்பில் 2020 அக்டோபரில் ரேபிட் நகர்வும் தானியங்கி டூல் மாற்றமும் எடுக்கப்பட்டன. கற்றுக்கொள்ளப் போதும், உற்பத்திக்கு ஆகாது. 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த ஃப்ரீகேடில் அடாப்டிவ் பாதை இருக்கிறது, எளிய மூன்று அச்சு வேலைக்கு ஓட்டலாம். லேத்துக்கு அதை நம்பிப் போக முடியாது. செயற்கை நுண்ணறிவு போட்டு ஆபரேஷன்களைத் தானே அடுக்கும் துணைக்கருவிகள் மூன்று அச்சு ஜாபுக்கு நல்ல முதல் வரைவு தருகின்றன. வைஸில் எத்தனை மில்லி பிடித்திருக்கிறோம் என்பதை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும்.

போஸ்ட்டைத் தொடும்போதெல்லாம் பழைய கோப்பைத் தேதியோடு தனியே வையுங்கள். ஒரே சோதனை ஜாபை, ஒரு பாக்கெட், ஒரு துளை, ஒரு டேப், ஒரு வளைவு, பழைய போஸ்ட்டிலும் புதியதிலும் எழுதி, இரண்டு கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டு மெஷினுக்கு அனுப்புங்கள். பதிப்பு புதுப்பித்த வாரத்தில் ஜி28-க்கு (ஹோம் நிலைக்குத் திரும்பும் கட்டளை) முன் இசட் மேலே ஏறுகிறதா என்பதை முதலில் பாருங்கள்.