நிஸ்குவாலி போறீங்களா? கடல் தண்ணி ஏறற டைம் பாத்துட்டு கிளம்புங்க

சியாட்டில் பக்கம் இருக்கறவங்க ஐ-5 ஹைவேல ஒலிம்பியா போறப்ப எக்ஸிட் 114ஐ கண்டிப்பா தாண்டிருப்பீங்க, அங்கதான் இந்த பில்லி ஃப்ராங்க் ஜூனியர் நிஸ்குவாலி வனவிலங்கு புகலிடம் இருக்கு. நானும் நாலு வருஷமா தாண்டி மட்டும்தான் போயிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்தாச்சு, ரெண்டு தடவையும் பாத்தது ஒரே இடம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அதனாலதான் எழுதறேன்.

மொத தடவ டைட் (கடல் தண்ணி ஏறி எறங்கற நேரம்) எல்லாம் பாக்காம போயிட்டோம். தண்ணி சுத்தமா வத்திக் கெடந்துச்சு, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் சேறு, பறவைங்க எல்லாம் எங்கயோ தூரத்துல புள்ளி புள்ளியா. ஒரு மணி நேரத்துல திரும்பிட்டோம். அடுத்த தடவ அம்மா இங்க வந்திருந்தாங்க, இந்த வாட்டி டைட் சார்ட் பாத்து ஹை டைடுக்கு, அதாவது தண்ணி முழுசா ஏறி நிக்கற நேரத்துக்கு, ரெண்டு மணி நேரம் முன்னாடி அங்க இருக்கற மாதிரி கிளம்புனோம்.

கழிமுகத்து மேல ஒரு மைல் நீளத்துக்கு மரப்பலகைல நடைபாதை போட்டிருக்காங்க. பாதி தூரம் போய் அம்மா கம்பிய புடிச்சிட்டு கீழயே பாத்துட்டு இருந்தாங்க, திடீர்னு "ஏய் இங்க வாடி, தண்ணி தலைகீழா ஓடுது பாரு"ன்னாங்க. எட்டிப் பாத்தா சேத்துக்கு நடுவுல ஒரு முழம் அகலத்துக்கு ஒரு வாய்க்கா, அதுல ஒரு காஞ்ச இலை கடல் பக்கம் இருந்து கரை பக்கமா மெதுவா மிதந்து வருது. சத்தமே இல்ல. அரை மணி நேரத்துல அந்த வாய்க்கா நெறஞ்சு பக்கத்து வாய்க்காவோட சேந்துருச்சு. ஒரு பெரிய நீல நாரை தண்ணி ஏற ஏற ஒவ்வொரு அடியா பின்னாடி வந்து கடைசில எங்களுக்கு இருபது அடி தூரத்துல நின்னுச்சு, கழுத்து இறகு காத்துல பிரியறது கூட தெரிஞ்சுது. சின்ன வாத்துங்களும் தண்ணியோடயே கிட்ட வந்துருச்சுங்க. தண்ணி ஏறுனா பறவைங்க கரைய நோக்கி ஒதுங்கும், ஹை டைடுக்கு முன்னாடி போகணும்னு சொல்றது அதுக்குத்தான்.

ஆனா எனக்கு மனசுல நின்னது அந்த தண்ணி வந்த கதைதான். 1904ல இங்க பண்ணை வைக்கறதுக்காக கடல் தண்ணி உள்ள வராம மண்கரை கட்டிட்டாங்க, நூறு வருஷத்துக்கும் மேல அந்த நெலத்துக்கு உப்புத்தண்ணியே கெடைக்கல. 1974ல இது புகலிடம் ஆச்சு, அப்பவும் கரை அப்படியேதான் இருந்துச்சு. 2009லதான் கரைய வெட்டி எடுத்து 762 ஏக்கருக்கு கடல திரும்ப உள்ள விட்டாங்க. உள்ள இருந்த நல்ல தண்ணி புல்லு எல்லாம் உப்புல செத்துப்போய், அந்த எடத்துல உப்புத் தாங்கற செடிங்க தானா மொளச்சு வந்துச்சு. சால்மன் குஞ்சுங்க ஆத்துல இருந்து கடலுக்கு போறதுக்கு முன்னாடி உப்புக்கு உடம்ப பழக்கிக்கணும், நல்லா தின்னு பெருக்கணும், அதுக்கு இந்த மாதிரி கழிமுகம்தான் வேணும். அந்த மீனுக்காக நிஸ்குவாலி பழங்குடி மக்களும் தங்களோட நெலத்துல கரைய எடுத்திருக்காங்க. பேருல இருக்கற பில்லி ஃப்ராங்க் அவங்க ஆளுதான், மீன் புடிக்கற உரிமைக்காக அம்பது தடவைக்கு மேல கைதானவர், 1945ல மொத தடவ கைதானப்ப வயசு 14. அவர் எறந்த அடுத்த வருஷம், 2015ல, அவர் பேர வச்சாங்க. இத தெரிஞ்சுக்கிட்டு அந்த பலகை மேல நடந்தா கால் வைக்கறதே வேற மாதிரி இருக்கு, சத்தியமா.

இப்ப விஷயத்துக்கு வரேன். நாங்க போனப்ப ஒரு குடும்பத்துக்கு 3 டாலர், நேஷனல் பார்க் பாஸ் இருந்தா அதுவே போதும். விசிட்டர் சென்டர்ல இருந்து பலகைப் பாதை கடைசி வரைக்கும் போயிட்டு வர 4 மைல், முட்டி வலி இருக்கறவங்களுக்கு அது ஜாஸ்தி, ரெட்டைக் கொட்டகை (ட்வின் பார்ன்ஸ்) பக்கம் சுத்தி வர ஒரு மைல் பாதை ஒண்ணு இருக்கு, சமதளம், வீல்சேர் தாராளமா போகும். அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வாத்து வேட்டை சீசன், அப்ப பலகைப் பாதையோட கடைசித் துண்ட மூடிருவாங்க. நாய், சைக்கிள் கூடாது, ஓடவும் கூடாது, இந்த ரூல் எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. ஆரம்பத்துல ஹைவே எரைச்சல் கேக்கும், உள்ள போகப் போக கொறஞ்சுரும். வெயில் அடிச்சாலும் ஜாக்கெட் எடுத்துக்கோங்க, கழிமுகத்து நடுவுல காத்து காத நல்லா அறையும். பைனாகுலர் ஒண்ணு இல்ல, ஆளுக்கு ஒண்ணு வேணும், அம்மா கைக்கு போனது கடைசி வரைக்கும் எனக்கு வரவே இல்ல.

புதன்கிழமை காலைல பறவை பாக்க கூட்டிட்டு போறாங்களாம், அடுத்த வாரம் லீவு போட்டு அம்மாவ கூட்டிட்டு போறேன்.