பந்துக் கண்ணாடியில் சூரியன்: தண்டையார்பேட்டை மாடியிலிருந்து ஒரு அனுபவம்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோள்களையும் கிரகணத்தையும் சொல்லிக்கொடுக்க என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், பந்துக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். பந்தின் மேல் ஒட்டிய சின்ன முகக்கண்ணாடி அது, சூரியனின் பிம்பத்தைச் சுவரில் விழவைக்கும். சென்னை தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் படிப்பு மையத்தில் 2019 முதல் அது இருக்கிறது. சனி, ஞாயிறு காலை வகுப்புகளில் மாடிக்கு எடுத்துப் போவோம். அதே சமயம் வாங்கிய மற்ற சாமான்களில் பாதி அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை.

செய்வது சுலபம். ஒரு பிளாஸ்டிக் பந்தில் ஓட்டை போட்டு மணல் நிரப்பி, எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் சின்ன முகக்கண்ணாடி ஒன்றைப் பந்தின் மேல் ஒட்டுங்கள். அரை சென்டிமீட்டர் துளை போட்ட கறுப்புத் தாளால் கண்ணாடியை மூடுங்கள். தீர்ந்துபோன பேக்கிங் டேப்பின் வளையம்தான் பந்துக்கு இருக்கை. மணல் கனமாக இருப்பதால் காற்றுக்கு அசையாது, விரலால் உருட்டி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெளிச்சத்தைத் திருப்பலாம். மாடியின் கைப்பிடிச் சுவரில் இதை வைத்து, பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இருட்டறையின் சுவரில் வெளிச்சத்தை விழவைப்போம். 9 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் தெரியும். அது சூரியனின் பிம்பம்.

பிள்ளைகள் முதலில் இதை நம்புவதில்லை. துளை வட்டமாக இருப்பதால்தான் வெளிச்சமும் வட்டம் என்பார்கள். சரி, முக்கோணமாக வெட்டுங்கள் என்பேன். பக்கத்துச் சுவரில் முக்கோணமாக விழும் வெளிச்சம், தூரச் சுவரில் வட்டமாகிவிடும். அதன்பிறகு அந்த வட்டத்தைச் சுற்றி சாக்பீசால் கோடு போடச் சொல்வேன். இரண்டே நிமிடத்தில் பிம்பம் கோட்டை விட்டு முழுசாக வெளியே போயிருக்கும். "இன்னாக்கா, சூரியன் ஓடுது!" என்று கத்துவார்கள். ஓடுவது சூரியனா நாமா என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும். பூமி சுற்றுவதைப் படத்தில் பார்த்துப் பார்த்து சலித்த பிள்ளைகள் அதைக் கண்முன்னே பார்ப்பது அப்போதுதான்.

இந்தக் கருவியை நான் இவ்வளவு நேசிக்கக் காரணம், அளவு. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர், தூரம் 15 கோடி. தூரத்தை விட்டத்தால் வகுத்தால் 107 வரும். சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையிலான தூரத்தைப் பிம்பத்தின் அகலத்தால் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான். அப்படியானால் சுவரில் இருப்பதைச் சூரியன் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி இருக்கும் இடம்தான் பூமி! அதன் அளவு? ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சமையலறையிலிருந்து ஒரு கசகசாவை எடுத்து அட்டையில் ஒட்டிக் கண்ணாடி பக்கத்தில் வைத்துவிடுவோம். வியாழன் ஒரு கொண்டைக்கடலை, 52 மீட்டரில், தெருமுனைப் பெட்டிக்கடை வாசலில். சனி இன்னும் கொஞ்சம் சின்னக் கடலை, 95 மீட்டரில். நெப்டியூன் ஒரு சின்னத் தனியா, 300 மீட்டர் தள்ளி, டி.எச். ரோட்டுக்கே (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) போய்விட வேண்டும். கையில் கடலையோடு தெருவில் நடக்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கடைக்காரர்களும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பேட்டரியில் சுற்றும் கோள் மாடல் ஒன்றையும் வாங்கினோம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எட்டுக் கோள்களும் கைக்கடக்கமாகப் பக்கத்துப் பக்கத்தில் சுற்றும். பூமி சூரியனில் பாதி. அழகுதான். ஆனால் அதைப் பார்த்த பிள்ளைகள் அமாவாசைக்கு அமாவாசை சூரிய கிரகணம் வர வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். கசகசா அட்டைக்கு அந்தக் குறை இல்லை. நிலா என்று ஒரு பேனாப் புள்ளி வையுங்கள். கசகசாவிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர். பூமி சூரியனைச் சுற்றும் பாதைக்கு நிலாவின் பாதை ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. இந்த அளவில் அது இரண்டு மில்லிமீட்டர் வரை மேலேயோ கீழேயோ போய்விடும். கசகசாவே ஒரு மில்லிமீட்டர் இல்லை. நிழல் ஏன் பெரும்பாலும் பூமிமேல் விழாமல் தப்பிப் போகிறது என்பது அட்டையைப் பார்த்தாலே விளங்கிவிடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடங்களைத்தான் நம் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்களும் காது கொடுக்கிறார்கள்.

கிரகண நாட்களில் எப்படி? 2019 டிசம்பர் 26 காலையில் சுவரில் பிறை விழுந்தது. கரூர், திண்டுக்கல், திருச்சிப் பக்கம் வளையமாகத் தெரிந்தது நமக்கு ஏன் பிறை என்ற கேள்விக்கு, கசகசா அட்டையை மறுபடி எடுத்தோம். 2020 ஜூன் 21 அன்று சென்னையில் முழு ஊரடங்கு. போனில் வழி சொல்லிக்கொடுத்தோம். வீட்டிலிருந்த கண்ணாடித் துண்டுகளை வைத்தே பிள்ளைகள் படம் எடுத்து அனுப்பினார்கள். 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், சிரமமானது. சூரியன் மறையும் நேரத்தில் வந்த கிரகணம் அது. காசிமேடு கடற்கரைக்குப் போனால் உதயம் பார்க்கலாம். மேற்கே அடிவானம் காட்டும் இடம் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? எதிர் மாடிகள் மறைத்துவிட்டன.

குறைகளும் உண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்று பட்டுக் கண்ணாடியின் ரசம் ஓரத்திலிருந்து கறுத்துப்போகிறது. விளிம்பைச் சுற்றி நெயில் பாலிஷ் பூசியதும் கூடுதல் நாள் தாங்குகிறது. மேகம் வந்தால் வகுப்பு நின்றுவிடும். சூரியப் புள்ளிகள் எங்கள் தூரத்தில் தெரிந்ததில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம்: கண்ணாடிக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிரதிபலித்து வருவதும் சூரியன்தான், கண்ணைச் சேதப்படுத்தும். அதனால் பந்து பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய பிள்ளையைக் காவலுக்கு நிறுத்துங்கள். நேராகப் பார்ப்பதற்கான கிரகணக் கண்ணாடிகளும் வைத்திருந்தோம். ஒளியை வடிகட்டும் தாளில் கீறல் விழுந்தவற்றை யோசிக்காமல் குப்பையில் போட்டுவிட்டோம்.

மழைநாளுக்கு ஸ்டெல்லேரியம் இருக்கிறது, எந்த ஊர், எந்தத் தேதியின் வானத்தையும் திரையில் காட்டும் மென்பொருள். கணினிக்கு இலவசம், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். பழைய லேப்டாப் கொஞ்சம் திணறும். தேதியை 1868 ஆகஸ்ட் 18, ஊரைக் குண்டூர் என்று மாற்றினால் முழு கிரகணம் வரும். ஹீலியம் என்று பிற்பாடு பெயர் பெற்ற தனிமத்தின் மஞ்சள் கோடு சூரிய ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் கண்ணில் பட்டது அந்தக் கிரகணத்தில்தான். அதைக் கவனிக்க நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள், அவர்களில் இந்திய வானியலாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் ஒருவர் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்து 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு கிரகணம்; நமக்கு மாலையில் பகுதி கிரகணம். பள்ளி விட்டதும் நேராக வந்துவிடலாம். இந்த முறை மேற்குப் பக்கம் மறைப்பில்லாத மாடி வேண்டும். இரண்டு தெரு தள்ளி நான்கு மாடி வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.